விட்டால் திறந்துகொள்ளும்

வால்வு வைத்த சைலன்சர் பொருத்த வருகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். சத்தம் எப்படி வரும், குதிரைத்திறன் எவ்வளவு கூடும், போலீஸ் பிடிக்குமா, என்ன விலை. யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மின்சாரமும் இல்லை, வேக்கமும் (காற்றை உறிஞ்சிய வெற்றிடமும்) இல்லை, எதுவுமே வால்வின் தகட்டைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் அது திறந்து நிற்குமா, மூடி நிற்குமா? ஏதோ மெக்கானிக் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் போலத்தான் இது தோன்றும். எனக்கென்னவோ மற்றக் கேள்விகள் எல்லாமே இதற்குள் அடக்கம் என்று படுகிறது.

சாதனம் எளிமையானது. புகைக்குழாயின் குறுக்கே ஒரு சிறிய அச்சு. அந்த அச்சில் சுழலும் வட்டத் தகடு. தகடு மூடியிருந்தால் புகை சைலன்சரின் அறைகளுக்குள் சுற்றி வளைந்து போக வேண்டும். திறந்தால் குறுக்கு வழியில் நேராக வெளியே. அறைகளில் என்ன நடக்கிறது என்றால், ஓட்டை போட்ட குழாய்களும் தடுப்புச் சுவர்களும் ஒலி அலையைத் திருப்பி அனுப்பி, வருகிற அலையோடு மோதவிட்டு, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்கின்றன. மிச்சத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சு வாங்கி வெப்பமாக மாற்றுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 வெடிப்பு. அத்தனையும் அந்த அடைத்த தகரப் பெட்டிக்குள் நொடிதோறும் கரைந்துகொண்டே இருக்கின்றன. காருக்குள் பாட்டு கேட்டுக்கொண்டு போகிறவருக்குப் பின்னால் இப்படி ஒரு வேலை ஓயாமல் நடக்கிறது என்ற நினைவே வருவதில்லை.

சத்தம் காரோடு கூடவே பிறந்தது. அதை அடக்குவதைப் பின்னால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் ஊரில் மில்டன் ரீவ்ஸ் என்பவரும் அவருடைய சகோதரரும் 1897-இல் எஞ்சின் புகைக்கான ஒலியடக்கிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஹைரம் பெர்சி மாக்சிமின் கதை இதைவிடச் சுவையானது. அவருடைய அப்பா மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். தன் துப்பாக்கியின் சத்தத்திலேயே காது கேட்கும் திறனை இழந்தவர். மகன் 1909-இல் துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து காப்புரிமை பெற்றார். அதே கொள்கையில் எஞ்சின்களுக்கான சைலன்சர்களும் அவருடைய நிறுவனத்திலிருந்து வந்தன. அப்பா கிளப்பிய இரைச்சலை மகன் அடக்கினான் என்று எழுதினால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். வரலாறு சில சமயம் அப்படித்தான் அமைந்துவிடுகிறது.

அடக்கக் கற்றுக்கொண்ட கையோடு அதைத் தாண்டிப் போகும் வழியையும் கண்டுபிடித்தார்கள். 1910-களின் கார்களில் கட்-அவுட் என்று ஒன்று இருந்தது. ஓட்டுநரின் காலடியில் ஒரு மிதி. மிதித்தால் சைலன்சருக்கு முன்னாலேயே குழாயில் ஒரு வாய் திறக்கும். புகை அங்கேயே வெளியேறும். மேடு ஏறும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். மேடே இல்லாத கடைவீதியிலும் மிதித்தார்கள் என்பதை, அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றாக அதற்குத் தடை போட்டதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். இன்று ரிமோட்டில் இயங்கும் வால்வை நவீன கண்டுபிடிப்பு என்று விற்கிறார்கள். நூறு வயதைத் தாண்டிய ஆசை அது. மிதி பித்தானாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் அக்கா மகன் தன் காருக்கு இந்த வால்வைப் போட வேண்டும் என்றபோது அவனோடு போனேன். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன். கோவையில் இந்த ஆசைக்கு ஒரு பரம்பரையே உண்டு. செட்டிப்பாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே, ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்த கரிவரதன் பெயரில் இருக்கிறது. லேத்தும் ஃபவுண்டரியும் பம்ப்செட்டும் வளர்த்த ஊர் இது. இங்கே இரும்பைத் தொட்டுப் பழகாத குடும்பம் குறைவு. தொட்டுப் பழகிய பிள்ளைக்கு வண்டியில் கை வைக்காமல் இருக்க முடியாது. பையனும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக்குக்குப் போகிறவன். "அங்க ஓட்டத்தான் மாமா" என்றான். பாதி உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கராஜ். லிஃப்டில் ஏற்றிய காரின் அடியில் நின்று பார்த்தால்தான் தெரியும், கார் என்பது மேலே பெயின்ட் அடித்த பாகம் மட்டுமில்லை என்று. கம்பெனி சைலன்சரைக் கழற்றுவதில்தான் பாதி நேரம் போயிற்று. வெப்பத்திலும் மழையிலும் ஊறிய போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். தொங்கு ரப்பர்களில் சோப்புத் தண்ணீரைத் தடவி, கடப்பாரை போட்டு நெம்பாமல் கையாலேயே உருவி எடுத்தார் மெக்கானிக். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தொடவில்லை. அதற்குப் பின்னால்தான் வெட்டு. இந்த ஒரு ஒழுக்கத்துக்காகவே அவர்மேல் மதிப்பு வந்தது. சத்தத்துக்காக அதையும் வெட்டி எறிகிற கடைகள் உண்டு, அங்கே கெடுவது காது மட்டுமில்லை.

புதிய குழாய் எஸ்எஸ் 304 எஃகு, இரண்டரை அங்குலம். டிக் வெல்டிங். குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை விட்டு வெல்டு செய்தார் பையனின் வயதே இருந்த வெல்டர் ஒருவர். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்துபோகும், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும். வெல்டு ஆறும்போது விளிம்பில் வைக்கோல் நிறம் வந்து, அதன் ஓரத்தில் நீலம் படிந்தது. பம்பருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே இவ்வளவு இடைவெளி எதற்கு, அசிங்கமாக இருக்கிறதே என்று பையன் கேட்டான். "சூடானா நீளும்ங்க தம்பி" என்றார் மெக்கானிக். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த எஃகு டிகிரிக்கு மீட்டர் ஒன்றுக்கு மில்லிமீட்டரில் சுமார் அறுபதில் ஒரு பங்கு நீளும். இரண்டு மீட்டர் குழாய், நானூறு டிகிரி ஏறினால் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல். இறுக்கிக் கட்டினால் வெல்டு விண்டுபோகும். அதற்காகத்தான் ரப்பரில் தொங்குகிறது.

பிறகு வால்வு. பெட்டியில் இருந்து எடுத்தது ஒரு சிறிய டப்பா. உள்ளே சவ்வு, ஸ்பிரிங், வெளியே ஒரு தண்டு. ஆக்சுவேட்டர் என்கிறார்கள். அதிலிருந்து பேனா ரீஃபில் தடிமனில் சிலிக்கான் குழாய் ஒன்று நீண்டிருந்தது. காரில் பூட்டும் முன் சரிபார்க்க வேண்டும். மெக்கானிக் அந்தக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். தண்டு உள்ளே போயிற்று, தகடு மெல்லத் திரும்பி மூடிக்கொண்டது. நாக்கால் குழாய் முனையை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தகடும் அப்படியே நின்றது. சவ்வில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டப்பென்று தகடு திறந்துகொண்டது.

"பார்த்தீங்களா சாருங்க, விட்டா தொறந்துக்கும்."

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்தக் காட்சிதான் நின்றது. மூடிவைக்க அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. திறக்க எதுவும் செய்ய வேண்டியதில்லை, விட்டால் போதும்.

இது இந்தப் பெட்டியின் குணம் மட்டுமல்ல. பெரிய கம்பெனிகள் தங்கள் வேகக் கார்களில் வைத்து அனுப்பும் வேக்கம் வால்வுகளில் பலவும் இப்படித்தான். செவர்லே கார்வெட்டின் சி6 மாடலில் ஒரு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். அதைச் செய்யாத சொந்தக்காரர்கள் அபூர்வம் என்பார்கள். பொறியாளர்கள் தெரிந்தேதான் அப்படி அமைக்கிறார்கள். குழாய் கழன்றாலும் ஃபியூஸ் போனாலும் எஞ்சின் தன் புகையை வெளியேற்றத் திணறக் கூடாது. பெரிய எஞ்சின் முழு வேகத்தில் போகும்போது குறுகிய வழியை மட்டும் விட்டுவைத்தால் அழுத்தம் பின்னால் தேங்கும், சூடு ஏறும். கோளாறு வந்தால் ஊருக்குச் சத்தம் கேட்கட்டும், எஞ்சின் பிழைக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நியாயமான முடிவு. ஆனால் அதன் விளைவு, அந்தக் காரில் இரைச்சல்தான் சும்மா கிடக்கும் நிலை. அமைதியை யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் ஆழமாகப் போகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பகுதியில், திராட்டில் மூடியிருக்கும்போது நல்ல வேக்கம் இருக்கும். சும்மா ஓடுகையில் நிறைய. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குறையும். முழுதாக மிதித்தால் அநேகமாக ஒன்றும் இருக்காது. டர்போ எஞ்சினில் வேக்கம் இருந்த இடத்துக்கு அழுத்தமே வந்துவிடும். ஆக, நேரடியாக அங்கிருந்து குழாய் இழுத்தால், அமைதி தேவைப்படாத நேரத்தில் அமைதியைப் பிடித்திருக்கும். கால் அழுந்தும் நேரத்தில் பிடி நழுவும். எந்த நேரத்தில் அடக்கம் வேண்டுமோ அந்த நேரத்தில் அடக்குகிற சக்தி வற்றிப்போகிறது. மனிதரைப் பற்றிச் சொல்கிறேனா காரைப் பற்றியா என்று எழுதும்போதே சந்தேகம் வருகிறது.

இதற்கு மெக்கானிக்குகளிடம் விடை இருக்கிறது. சோடா பாட்டில் அளவில் ஒரு காலி டப்பா. அதற்கு முன்னால் ஒருவழி வால்வு. எஞ்சின் நிதானமாக ஓடும்போது டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். கால் அழுந்தும்போது ஒருவழி வால்வு அடைத்துக்கொள்ளும். சேமித்த வேக்கத்தில் தகடு மூடியே நிற்கும். ஒருவழி வால்வைத் தலைகீழாகப் பூட்டினால் எல்லாம் வீண். அம்புக்குறி மெல்லியதாகத்தான் பொறித்திருப்பார்கள். வாயால் ஊதிப் பார்த்தே நம்ப வேண்டும். பிரேக் பூஸ்டர் குழாயில் டீ போட்டு வேக்கம் எடுப்பது சுலபம் என்று சில கடைகளில் அதைச் செய்கிறார்கள். சத்தத்தின் சாவியைப் பிரேக்கின் மூச்சோடு கட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பத்து ரூபாய்க் குழாய் விண்டால் பிரேக் மிதி கல்லாகிவிடும். எங்கள் மெக்கானிக் அதைச் செய்யவில்லை; தனியாகவே எடுத்தார்.

வயரிங் பெரிய வித்தையில்லை, பொறுமைதான் வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு இடத்தை டெஸ்ட் லாம்ப் வைத்துத் தேட வேண்டும். எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்தில் கொடுத்தால் ரிமோட் ரிசீவர் இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும். எர்த் வயருக்குப் பெயின்டைச் சுரண்டிவிட்டு வெறும் தகட்டில் போல்ட். டிக்கித் தரையில் இருக்கும் ரப்பர் மூடியைத் துளைத்து வயரைக் கீழே இறக்கி, சூடு தாங்கும் உறை போட்டு, குழாயிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி டை கட்டினார்கள். நடுவில் சோலனாய்டு. அதற்கு மூன்று வாய். இரண்டு வாய்களை மாற்றிப் பூட்டினால் கரண்ட் இருந்தால் மூடுவது, கரண்ட் இல்லாவிட்டால் மூடுவது என்று தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது கரண்டை மட்டும்தான் மாற்றும். வேக்கம் போனால் திறப்பது ஸ்பிரிங்கின் குணம். வயரால் அதை மாற்ற முடியாது.

அதன் பலன் எங்கே தெரியும் என்றால் விடியற்காலையில். இரவு காரை நிறுத்திவிட்டுப் போகிறோம். எவ்வளவு நல்ல சவ்வானாலும் மணிக்கணக்கில் வேக்கத்தைப் பிடித்துவைக்காது, மெல்லக் கசியும். நாம் தூங்குகிற நேரத்தில் தகடு தானாகத் திறந்துகொள்கிறது. காலை ஐந்தரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் முதல் மூச்சைத் திறந்த வாயோடுதான் விடும். போதாததற்கு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யச் சூடாக வேண்டும் என்று குளிர்ந்த எஞ்சின் வேகமாகவே சுற்றும். வேக்கம் சேர்ந்து தகடு மூடுவதற்குள் தெரு எழுந்துவிடும். நாள் முழுவதும் பித்தானை எவ்வளவு நாகரிகமாக அமுக்கினாலும், அந்த நாளின் மிகப் பெரிய சத்தம் நம் வீட்டு வாசலில், எதிர்வீட்டுக் கைக்குழந்தையின் ஜன்னலுக்கு நேராக, நாம் கேட்காமலே நடந்துவிட்டிருக்கும்.

அமைதி என்றால் எதுவும் நடக்காமல் இருப்பது என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். சத்தத்துக்குத்தான் ஆள் வேண்டும், அமைதி தானாக இருக்கும். யாரோ வந்து அதைக் கெடுக்கிறார்கள் என்பது நம் கணக்கு. மெக்கானிக் வாயில் வைத்த அந்தக் குழாயைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கணக்கு நிற்கவில்லை. தெரு அமைதியாக இருக்கிறது என்றால், அந்தத் தெருவில் பலர் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பால்காரர் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நடந்தே வந்து பாக்கெட்டை வைக்கிறார். நள்ளிரவு ஷிஃப்ட் முடிந்து வரும் மில் தொழிலாளி தெருமுனையிலேயே பைக்கை அணைத்துவிட்டு வீடுவரை தள்ளிக்கொண்டு போகிறார். கேட்டைத் தூக்கித் திறந்தால் கிறீச்சிடாது என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டே ஒரு கையால் அடுப்பைப் பார்க்கும் பாட்டியைப் போல, வேறு வேலைகளுக்கு நடுவே ஒரு கை இதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. ஏனென்றால் நடந்ததே தெரியாது. தெரிந்துவிட்டால் அது தோற்றுவிட்டது என்று பொருள்.

சத்தம் போட்டவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அடக்கியவருக்குப் பெயர் இல்லை.

எண்களில் பார்த்தால் எவ்வளவு பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். நிறுத்திவைத்த காரின் ஒலியை அளக்க, குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி மைக் வைப்பார்கள். கலிஃபோர்னியாவில் சாதாரணக் கார்களுக்கான எல்லை 95 டெசிபல். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம், திறந்தவெளியில், ஆறு டெசிபல் குறையும். அரை மீட்டரில் 95 என்றால் பதினாறு மீட்டரில், அதாவது நம் தெருவில் நாலு வீடு தள்ளி, 65. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவுச் சராசரியாக அனுமதிப்பது 45. இருபது டெசிபல் வித்தியாசம் என்பது காதுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய சந்து திறந்தவெளியும் அல்ல. அங்கே கணக்கு இன்னும் கெடும்.

இதில் எனக்கு விநோதமாகத் தோன்றுவது, சத்தத்துக்குப் பணம் கொடுப்பவருக்குத்தான் அது மிகக் குறைவாகக் கேட்கிறது என்பது. கண்ணாடி, ரப்பர் பீடிங், சீட்டின் பஞ்சு எல்லாம் நடுவே இருக்க, குழாய் வாயிலிருந்து சில மீட்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார். வாய் பின்னால் திரும்பியிருக்கிறது. அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் உறுமலின் அடிநாதம். அதுவும் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது தலைவலியாகிவிடும். பையனின் காரில் இதற்கு ஒரு தனிக் கூத்து உண்டு. அந்த எஞ்சின் சுமை குறைந்தால் இரண்டு சிலிண்டர்களைத் தானே நிறுத்திக்கொள்ளும், பெட்ரோலை மிச்சம் பிடிக்க. 2400 சுற்றில் நொடிக்கு 80 வெடிப்பாக இருந்தது சட்டென்று 40 ஆகும். காதுக்குள் விரலை விட்டு அடைத்தது மாதிரி ஒரு முழக்கம் கேபினில் நிறையும். அவிநாசி சாலையில் பத்து நிமிடம் போனதும் பையன் தானே பித்தானை அமுக்கி மூடினான். முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தேன்.

அப்படியானால் எதற்காக இத்தனை ஆசை? குதிரைத்திறனுக்காக என்று சொல்வதை நான் நம்பவில்லை. இந்த மாதிரிக் காரில் பின்பகுதிக் குழாயை மட்டும் மாற்றினால் கூடுவது சொற்பம். எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போல அந்தக் குழாய் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. வேலை முடிந்து எறிகிற எச்சம் அது. அந்த எச்சத்தின் ஓசைதான் நாம் எஞ்சினின் குரல் என்று கொண்டாடுவது. ஆனாலும் அந்த ஆசையை அற்பம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கால் அசைந்தால் எங்கோ ஒன்று பதில் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது. செய்ததற்குச் சாட்சி வேண்டும் என்கிற மனது. நெசவுக்காரருக்குத் தறியின் ஓசை எப்படியோ அப்படி. காருக்குள் எல்லாவற்றையும் அடைத்துப் பூசி மெழுகிவிட்ட காலத்தில் இந்த ஏக்கம் கூடத்தான் செய்யும்.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். பிஎம்டபிள்யூ 2011-இல் விட்ட எம்5 காரில், எஞ்சின் ஒலியை ஸ்பீக்கர் வழியாகக் கேபினுக்குள் ஒலிக்கவிட்டார்கள். நிஜமாகவே எட்டு சிலிண்டர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது! மின்சாரக் கார் வந்ததும் ஏக்கம் போய்விடும் என்று நினைத்தால், ஹூண்டாய் 2023-இல் ‘அயோனிக் 5 N’ காரில் இல்லாத கியரை மாற்றுவது போலக் குலுக்கி, இல்லாத எஞ்சினைப் போல உறுமவைத்தது. டாட்ஜ் ஒரு படி மேலே போய், புகையே இல்லாத மின்சார சார்ஜர் காருக்கு ஒலிக்குழாய் ஒன்றை வடிவமைத்து, 2022-இல் மாதிரியைக் காட்டியபோது 126 டெசிபல் என்று பெருமையடித்துக்கொண்டது. சத்தம் எஞ்சினுக்கு வேண்டியிருக்கவில்லை, மனிதனுக்குத்தான் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டாம்.

மின்சாரக் காரில் என் வாதமே தலைகீழாகிவிடுகிறது என்று ஒருவர் சொல்லலாம். அங்கே அமைதி தானாக இருக்கிறது, சத்தத்துக்குத்தான் முயற்சி. சரிதான். ஆனால் அந்தத் தானாக வந்த அமைதியை உலகம் அப்படியே விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து விற்கும் ஒவ்வொரு புது மின்சாரக் காரும் மணிக்கு 20 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் ஓர் ஒலி எழுப்பியாக வேண்டும். பார்வையற்றவர் தெருவைக் கடக்கும்போது வண்டி வருவது தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த ஒலிக்கும் அடிப்படை எல்லை உண்டு, உச்ச எல்லையும் உண்டு. அந்த மென்மையான முனகலும் மில் தொழிலாளி அணைத்த எஞ்சினும் எனக்கு ஒரே வகையாகத் தோன்றுகின்றன. இரண்டிலும் காருக்கு வெளியே இருக்கும் ஒருவர் கணக்கில் வந்திருக்கிறார். பிடித்துக்கொண்டிருப்பது என்று நான் சொன்னதன் உள்ளே இருந்தது இதுதான் போலிருக்கிறது: ஒலியோ அமைதியோ, அது யாருடைய காதை நினைத்துச் செய்யப்பட்டது என்பது. நினைக்க ஆளில்லாதபோது எஞ்சுவது ஸ்பிரிங்.

சட்டம் இதைத் தன் மொழியில் சொல்லித்தான் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, கையால் நிலை மாற்றக்கூடிய சைலன்சர் எந்த நிலையில் இருந்தாலும் ஒலி எல்லைக்குள் இருக்க வேண்டும் என்கிறது. மூடிய நிலையில் நல்ல பிள்ளை என்ற சமாதானம் செல்லாது. பாரிஸில் 2022 முதல் நான்கு மைக் வைத்த ஒலி ரேடார் எந்த வண்டியிலிருந்து சத்தம் வந்தது என்று திசை காட்டுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டமோ 52-ஆம் பிரிவில் வண்டியின் அமைப்பை மாற்றாதே என்கிறது. 190-ஆம் பிரிவு ஒலி விதியை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, உரிமம் பறிப்பு என்று போகிறது. வால்வு மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று அது கேட்பதில்லை. பையனிடம் இதைச் சொல்லாமல் இருக்கவில்லை. "டிராக் வரைக்கும் கம்பெனி சைலன்சர்லயே போய், அங்க மாத்திக்கறேன் மாமா" என்றான். இரண்டு கிளாம்ப், அரை மணி நேர வேலை. செய்வானா என்பது வேறு.

டிராக்குக்குப் போகும் முன் அவனிடம் அந்த ஆக்சுவேட்டரைப் பற்றிப் பேசினேன். எதிர்மாறாக வேலை செய்வதும் உண்டு: ஸ்பிரிங் மூடிவைக்கும், வேக்கம் கொடுத்தால்தான் திறக்கும். அதைப் போட்டால் எஞ்சின் திணறாதா என்று கேட்டான், சரியான கேள்விதான். 500 குதிரைத்திறன் எஞ்சினாக இருந்தால் யோசிக்க வேண்டும். இந்தப் பெட்டியில் வால்வு மூடினாலும் அறைகளின் வழியாகப் போகும் பாதை திறந்தேதான் இருக்கிறது. 150 குதிரைக்கு அது போதும், கம்பெனி சைலன்சரில் இத்தனை நாள் அப்படித்தானே ஓடியது. ஃபியூஸ் போனாலும், குழாய் விண்டாலும், இரவு கசிந்தாலும் மூடியே கிடக்கும். சத்தம் வேண்டுமென்றால் அவன் கேட்டு வாங்க வேண்டும். திறந்து வைத்திருக்க வேக்கம் செலவழிய வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு மெக்கானிக்கிடம் போய், மூடி நிற்கிற மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்டான்.

"இருக்குதுங்க தம்பி, ஆனா ஸ்டாக் வெக்கறதில்லைங்க. யாரும் கேக்கறதில்லை. வரவழைக்கணும், கொஞ்சம் டைம் ஆகும்." பிறகு சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினார். "முன்பணம் கொடுத்துட்டுப் போறீங்களா சாருங்க? வந்தப்புறம் வேண்டாம்னா எனக்கு வேற ஆள் இல்லைங்க இதுக்கு."